அக்காவின் குலவையும் 32 பிட்டும்



பொங்கலுக்குப் பிறகு சாரை இந்தப் பக்கம் காணோமே என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். 70 வயதில் மவுஸ் பிடித்துக்கொண்டு ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்திருந்ததில் கழுத்து வலிதான் மிச்சம் என்று வீட்டம்மா சொல்கிறார். மிச்சம் வேறொன்றும் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்த நீளப் பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள்.

என் அக்காவை உறவினர்கள் எல்லோருக்கும் தெரியும். மாணவர்களில் சிலருக்கும் தெரியும். டியூஷன் முடிந்ததும் அவர் கொடுத்த கேழ்வரகு அடையைச் சாப்பிட்டவர்கள் நீங்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அப்பா போன பிறகு நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் என்னைப் படிக்கவைத்தவர். நான் 34 வருஷம் கரும்பலகையில் எழுதியதெல்லாம் அக்கா சேற்றில் நின்ற காசு.

அக்காவிடம் ஒரு சொத்து இருந்தது. குரல். நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எதுவும் எழுத்தில் கிடையாது, எல்லாம் நெஞ்சில். இரண்டு வருஷத்துக்கு முன் கோடை விடுமுறையில் பேரன் வந்திருந்தபோது, “பெரிய பாட்டி பாடுறதையெல்லாம் ஒழுங்கா ரெக்கார்ட் பண்ணி வைக்கலாம் தாத்தா” என்றான். உள்ளங்கை அளவில் ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் வாங்க வைத்தான். அது 32 பிட் ஃப்ளோட்டில் பதியும் கருவி. “இதுல கெயின் எவ்வளவு வைக்கணும்னு கவலையே படவேண்டாம். பாட்டி முணுமுணுத்தாலும் சரி, கத்தினாலும் சரி” என்றான். எனக்குப் பாதிதான் புரிந்தது. சரி என்று தலையாட்டினேன்.

மூன்று நாள் பதிந்தோம். கருவி அக்கா பக்கத்தில் ஒரு ஸ்டூலில். கொஞ்சம் தள்ளி ஸ்டாண்டில் பேரனின் கைபேசி, படம் எடுக்க. ஒவ்வொரு தடவையும் தொடங்கும்போது நான் ஒரு கைதட்டு தட்டுவேன். பிறகு படத்தையும் ஒலியையும் சேர்க்கும்போது அந்தக் கைதட்டை வைத்துத்தான் பொருத்த வேண்டும்.

முதல் நாள் கூடத்தில் தாலாட்டும் கதைகளும். அக்கா கதை சொல்லும்போது பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். அதனால் கருவியில் ஒலியைப் பெரிதாக்கும் அமைப்பைக் கூட்டி வைத்தேன். இரண்டாம் நாள் நடவுப் பாட்டு. பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். பாட்டு முடிந்த வேகத்தில், சொல்லாமல் கொள்ளாமல், அக்கா குலவை போட்டார். குலவை என்றால் இப்போது கல்யாண மண்டபத்தில் வெட்கப்பட்டுக்கொண்டே போடுகிறார்களே, அது இல்லை. நாலு வயலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நிமிர்ந்து பார்க்கிற குலவை. ஹெட்ஃபோனை நான் பிடுங்கி எறிந்தேன்.

மூன்றாம் நாள் ஒப்பாரி. வீட்டுக்குள் ஒப்பாரி பாடக்கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நல்லதும் பொல்லாததும் தெரியாத வாத்தியாருக்குப் புத்தி சொல்வதுபோல் சொன்னார். தென்னந்தோப்புக்குப் போனோம். அம்மாவுக்குப் பாடியதைப் பாடினார். அம்மா போய் 41 வருஷம். ஒரு வரிகூட மறக்கவில்லை.

அதற்கு எட்டு மாதம் கழித்து அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது புரிகிறது. பதில் மட்டும் வருவதில்லை. ‘ம்’ என்பதிலேயே மூன்று நான்கு விதம் உண்டு, அதை வைத்து அக்கா மகள் எல்லாவற்றையும் புரிந்துகொள்கிறாள்.

இந்த மாசியில் அக்காவுக்கு 80 முடிகிறது, குடும்பம் கூடுகிறது, ஒரு படம் போட்டுக் காட்டலாம் என்று நான்தான் வாயை விட்டேன். பொங்கல் கழிந்து மடிக்கணினியில் உட்கார்ந்தேன். அதில் ஒரு பழைய வீடியோ எடிட்டிங் மென்பொருள் இருந்தது. இரண்டாம் நாள் ஒலியை உள்ளே இழுத்துப் போட்டேன். திரையில் அலை வடிவம் வந்தது. பாட்டு வரைக்கும் நன்றாக இருந்தது. குலவை வரும் இடத்தில் மலை உச்சிகளையெல்லாம் கத்தியால் சீவிய மாதிரி ஒரே மட்டம். ஓடவிட்டால் கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி கரகர என்றது.

அலையின் தலை தட்டையானால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் நடத்திய பாடம். கருவியின் எல்லையைத் தாண்டி ஒலி போயிருக்கிறது, மேலே இருந்தது பதியவில்லை, போனது போனதுதான். பெரிதாக்கும் அமைப்பைக் கூட்டி வைத்தது நான். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

மறுநாள் இன்னொரு யோசனை. இந்த மென்பொருளுக்கு 32 பிட் ஒத்துவரவில்லையோ, 16 பிட்டாக மாற்றிப் பார்ப்போம் என்று தோன்றியது. மடிக்கணினியில் இடமும் இல்லை. இரண்டு சேனல், நொடிக்கு 48,000 மாதிரி, 32 பிட் என்றால் ஒரு மணி நேர ஒலி ஏறக்குறைய 1.4 ஜிபி பிடிக்கும். 16 பிட் ஆக்கினால் அதில் பாதி. மூன்றாம் நாள் கோப்புகளை முதலில் மாற்றினேன். மாற்றியதும் அலை வடிவம் என்னவோ அடக்க ஒடுக்கமாகத்தான் தெரிந்தது, எதுவும் கோட்டைத் தாண்டவில்லை. மூலக் கோப்புகளை அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். சுத்தமான ஆள் அல்லவா நான்!

அதற்குப் பிறகுதான் புத்தி வந்து, சென்னையில் டப்பிங் ஸ்டுடியோவில் ஒலிப் பொறியாளராக இருக்கும் நம் பழைய மாணவன் ஒருவனைக் கூப்பிட்டேன். பெயர் போட வேண்டாம் என்றிருக்கிறான். ஒலியியல் பாடத்தில் நான் அவனுக்கு 11 மதிப்பெண் போட்டேன் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். விஷயத்தைச் சொன்னேன். முழுசாகக்கூடக் கேட்கவில்லை.

“சார், ஒரிஜினல் 32 பிட் ஃபைல் இருக்குல்ல? அதை ஒண்ணும் பண்ணிடாதீங்க. ஒண்ணும் போயிருக்காது.”

“இரண்டாம் நாளுது இருக்குப்பா. மூணாம் நாளுதை 16 ஆக்கிட்டு அழிச்சிட்டேன்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “மெமரி கார்டு சார்?” என்றான். அந்தக் கார்டைப் பேரன் கல்லூரி விழாவுக்கு எடுத்துப்போய், ஃபார்மட் செய்து, அதன்மேல் எத்தனையோ பதிந்து முடித்திருந்தான். பையன்மேல் தப்பில்லை. பிரதி எடுத்தாயிற்று, கார்டை வைத்துக்கொள் என்று சொன்னவன் நான்தான்.

அவன் எனக்குப் பாடம் நடத்தினான். உங்களுக்கு அதை என் பாணியில் சொல்கிறேன்.

16 பிட் ஒலி என்பது 65,536 கோடுகள் உள்ள ஒரு அளவுகோல். ஒவ்வொரு கணமும் ஒலி எந்தக் கோட்டில் நிற்கிறது என்று எழுதிக்கொண்டே போவதுதான் பதிவு. ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபெல் என்று வைத்தால் மொத்தம் 96 டெசிபெல் வீச்சு. சிடி எல்லாம் இந்த அளவுகோல்தான். 24 பிட் என்றால் கோடுகள் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேலே, வீச்சு 144 டெசிபெல். அளவுகோலின் மேல் நுனி இரண்டிலும் ஒன்றுதான்; நுண்ணிய கோடுகள் சேர்வதெல்லாம் கீழ்ப்பக்கம். அதனால் மெல்லிய ஒலிக்கு 24 பிட் நல்லது. ஆனால் நுனியைத் தாண்டினால் இரண்டிலும் வெட்டுத்தான்.

32 பிட் ஃப்ளோட் அளவுகோலே இல்லை. எலக்ட்ரானின் மின்னூட்டத்தையும் அவகாட்ரோ எண்ணையும் ஒரே நோட்டில் எழுதினோமே, எப்படி? 1.6 பெருக்கல் பத்தின் அடுக்கு மைனஸ் 19 என்று ஒன்று, 6.02 பெருக்கல் பத்தின் அடுக்கு 23 என்று இன்னொன்று. இலக்கங்கள் தனி, அடுக்கு தனி. அதே அறிவியல் குறியீடுதான் இங்கேயும், பத்துக்குப் பதில் இரண்டின் அடுக்கு. 32 பிட்டில் ஒன்று கூட்டலா கழித்தலா என்பதற்கு, 8 அடுக்குக்கு, 23 இலக்கங்களுக்கு. 1985-இல் ஐஇஇஇ 754 என்ற தரநிலையில் வகுத்த முறை. இதன்படி மொத்த வீச்சு 1,500 டெசிபெல்லுக்கும் மேல். திரையில் பூஜ்யம் என்று ஒரு கோடு போட்டிருப்பார்களே, மற்ற முறைகளில் அதுதான் கூரை. இதில் அது வெறும் அடையாளக் கோடு. அதற்கு மேலேயும் 770 டெசிபெல் இடம் கிடக்கிறது. அக்கா இல்லை, இடியே விழுந்தாலும் எழுதிக்கொள்ளும்.

எழுதிக்கொள்ளும் என்றுதான் சொன்னேன். காதில் விழும் என்று சொல்லவில்லை. கணினியின் ஸ்பீக்கருக்கும் ஹெட்ஃபோனுக்கும் போகும் மின்னலைக்குக் கூரை உண்டு. அதனால் அப்படியே ஓடவிட்டால் கரகரப்பாகத்தான் கேட்கும். திரையும் கோட்டோடு நிறுத்தித்தான் வரையும். கோப்புக்குள் மட்டும் மலை முழுசாக இருக்கும். ஒலியளவை இறக்கினால் உச்சி கண்ணுக்குத் தெரியும். 

கருவி எப்படி இவ்வளவையும் பிடிக்கிறது என்று கேட்டேன். இந்த வகைக் கருவிகள் 2019 வாக்கில்தான் சந்தைக்கு வந்தன. பலவற்றில் ஒவ்வொரு மைக்குக்கும் இரண்டு மாற்றிகள், மெல்லிய ஒலிக்கு ஒன்று, பலத்த ஒலிக்கு ஒன்று. இரண்டையும் இழை தெரியாமல் தைத்து ஒரே கோப்பாக்குகிறது. ஆனால் மைக்கின் சவ்வே தாங்காமல் திணறினால் எத்தனை பிட் இருந்தும் பயனில்லை என்றான். இன்னொன்றையும் நானே கண்டுகொண்டேன். அக்கா வீட்டு மின்விசிறி வருஷக்கணக்காக டக் டக் என்று அடித்துக்கொள்ளும். 32 பிட் அதையும் மகா விசுவாசமாகப் பதிந்து வைத்திருக்கிறது. 

போனை வைத்துவிட்டு ஓடிப்போய் எடிட்டிங் மென்பொருளில் ஒலியளவை இறக்கினேன். உயர மொட்டை குட்டை மொட்டையானது. தலை தட்டையாகவே இருந்தது. நெஞ்சு அடைத்தது. திரும்பவும் போன்.

“சார், நீங்க வச்சிருக்கிறது பழைய வெர்ஷன். உள்ளே வாங்கும்போதே முழு எண்ணா மாத்தி வெட்டிடுது போல. அடாசிட்டியில திறங்க.”

அடாசிட்டி இலவச மென்பொருள், உள்ளுக்குள் 32 பிட் ஃப்ளோட்டிலேயே வேலை செய்வது. திறந்தேன், குலவைப் பகுதியைத் தேர்ந்தெடுத்தேன், ‘ஆம்ப்ளிஃபை’ என்பதைத் தொட்டேன். பெட்டியில் மைனஸ் 11.4 என்று தானாக வந்து நின்றது. அக்காவின் குலவை கோட்டுக்கு மேலே 11.4 டெசிபெல் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். கோட்டின் உயரத்தைப்போல் கிட்டத்தட்ட மூன்றே முக்கால் மடங்கு. சரி என்று அழுத்தினேன். தட்டைத் தலைகள் ஒவ்வொன்றும் வட்டமாக எழுந்து நின்றன. ஓடவிட்டேன். நாக்கு இரண்டு பக்கமும் அடிக்கிற சத்தம் தனித்தனியாகக் கேட்டது, கடைசியில் மூச்சு வாங்கி அக்கா சிரிக்கிற சிரிப்போடு. வீட்டம்மா அடுப்படியிலிருந்து, “அண்ணி வந்திருக்காங்களா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். கேட்டபிறகுதான் அவருக்கே உறைத்தது.

பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. அடாசிட்டியில் முதலில் ஒலியளவை இறக்கி, கோட்டுக்குக் கீழே கொண்டுவந்து, அதன்பிறகு 24 பிட்டாக ஏற்றுமதி செய்து, அதைத்தான் எடிட்டிங் மென்பொருளுக்குள் கொண்டுபோனேன். இந்த வரிசையை மாற்றக்கூடாது. மாற்றிவிட்டு இறக்கினால் வெட்டுப்பட்ட மொட்டைதான் இறங்கும். இறக்கிவிட்டு மாற்றினால் முழு மலை. நான் மூன்றாம் நாளுக்குச் செய்தது முதல் வகை. எல்லா மென்பொருளும் இப்படி வெட்டுவதில்லை, இப்போது வருபவை பெரும்பாலும் ஃப்ளோட்டை அப்படியே வைத்துக்கொள்ளும். உங்களுடையது எப்படி என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. அடாசிட்டியில் ஒரு சைன் அலை உண்டாக்கி, ‘கிளிப்பிங்கை அனுமதி’ என்ற கட்டத்தில் டிக் போட்டு 6 டெசிபெல் ஏற்றி, 32 பிட் ஃப்ளோட் கோப்பாகச் சேமியுங்கள். அதை எடிட்டிங் மென்பொருளில் போட்டு 12 டெசிபெல் இறக்குங்கள். தலை உருண்டையாக வந்தால் மென்பொருளை நம்பலாம். தட்டையாக வந்தால் என் மென்பொருளுக்கு அது தம்பி.

மூன்றாம் நாளுக்கு வருகிறேன். தவிர்த்துக்கொண்டேதான் இவ்வளவு நேரம் எழுதினேன்.

ஒப்பாரியில் முக்கால் பங்கு மெல்லியது, அதெல்லாம் நன்றாக இருக்கிறது. அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழைக்கிற இடங்கள் ஆறு. ஆறும் வெட்டுப்பட்டுவிட்டன. வெட்டுப்பட்ட உச்சியைக் கணக்குப் போட்டு வரைந்து தருகிற கருவிகள் இருக்கின்றன, அந்த மாணவன் தன் ஸ்டுடியோவில் அதையும் போட்டுப் பார்த்து அனுப்பினான். கரகரப்பு குறைந்தது. ஆனால் அங்கே யாரோ அக்கா மாதிரி கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் கைபேசி ஞாபகம் வந்தது. படத்துக்காக வைத்த கைபேசி, அதன் ஒலியை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கைபேசி தானாகவே ஒலியளவை ஏற்றி இறக்கிக்கொள்ளும். அக்கா மூச்சு வாங்கினால் தென்னோலைச் சத்தம் பொங்கி எழும், அக்கா கூப்பிட்டால் எல்லாம் அமுங்கும். கேட்க நன்றாக இருக்காது. ஆனால் அமுக்கினதே தவிர வெட்டவில்லை. ஆறு இடத்திலும் குரல் முழுசாக இருந்தது. அந்த ஆறு இடத்தில் மட்டும் கைபேசி ஒலியை வைத்து, அக்கா மூச்சு எடுக்கிற இடமாகப் பார்த்து ஒட்டினேன். ஒட்டு தெரியும். திடீரென்று தோப்பு கிட்டே வந்துவிட்டுத் திரும்பிப் போவது மாதிரி இருக்கும். தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

படத்தை முடித்து அக்கா மகளுக்கு முதலில் போட்டுக் காட்டினேன். முழுக்கப் பார்த்துவிட்டு, “எல்லாம் நல்லா இருக்கு மாமா. ஆனா அம்மா இப்படிப் பேசமாட்டாங்களே” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கதை சொல்வது கேட்கவில்லை என்று அதை ஏற்றி, குலவை காதை அடைக்கிறது என்று அதை இறக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து வைத்திருந்தேன். டிவியில் செய்தி வாசிக்கிற மாதிரி. “அம்மா கதை சொன்னா நாமதான் கிட்டப் போய் உக்காரணும். குலவை போட்டா காதைப் பொத்திக்கணும்” என்றாள். எவ்வளவு பாடுபட்டு மலையை மீட்டேன், மீட்ட கையோடு நானே சமன் செய்துவிட்டேன்! இன்னும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து அதையெல்லாம் எடுத்தேன். இப்போது படத்தில் கதை மெதுவாகத்தான் கேட்கும். ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு கேட்பவர்கள் பின்னால் அவதிப்படுவார்கள், முன்பே சொல்லிவிட்டேன்.

மாசியில் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். அக்காவைச் சாய்வு நாற்காலியில் முன்னால் உட்காரவைத்தோம். ஒப்பாரியைப் போடவில்லை. வீட்டுக்குள் கூடாது என்று அவர் சொன்னது சொன்னதுதான், படத்துக்கும் சேர்த்து. தாலாட்டுக்கு அக்கா கண்ணை மூடிக்கொண்டார். நடவுப் பாட்டுக்கு ‘ம்’ என்றார், அக்கா மகள் என்னைப் பார்த்து, “வரி மாத்திப் பாடிட்டாங்களாம்” என்றாள். குலவை வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்கள், அன்று கூடப் பாடியவர்கள்தான், தாங்களும் சேர்ந்து போட்டார்கள். குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அக்காவின் இடது கை மடியிலிருந்து மெல்ல மெல்ல எழுந்து வாய்க்குப் பக்கத்தில் போய் நின்றது. சத்தம் வரவில்லை. கை அங்கேயே இருந்தது, படத்தில் குலவை முடிகிற வரைக்கும்.

இரண்டாவது தடவையும் போடச் சொன்னார். அதற்கு எந்த ‘ம்’ என்று எனக்கே தெரிந்துவிட்டது.

மூலக் கோப்புகள் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன. என் மடிக்கணினி, அக்கா மகள் பீரோவில் ஒரு ஹார்ட் டிஸ்க், சென்னையில் அந்த 11 மதிப்பெண்காரனிடம் ஒன்று. ஒப்பாரியின் 16 பிட் கோப்பையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

நேற்று அக்கா மகன் துபாயிலிருந்து கூப்பிட்டு, “மாமா, அதையெல்லாம் வாட்ஸ்அப்ல தட்டிவிடுங்க” என்றான். ஊருக்கு வரும்போது பென்டிரைவ் எடுத்துக்கொண்டு வாடா என்று சொல்லியிருக்கிறேன்.